மடித்துப் போட்ட துண்டு

ஊரார் குடித்துத் தூக்கியெறிந்த சிகரெட் துண்டுகளைத் தட்டில் கொட்டி, வகை வகையாகப் பிரித்துவைப்பதுதான் அவள் வேலை. சுகாதார அலுவலகத்தின் பின்பக்கம், முன்பு துணி துவைக்கிற அறையாக இருந்த இடத்தில் அது நடக்கிறது. யாராவது என்ன வேலை என்று கேட்டால் "ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் பேச்சை மாற்றிவிடுவாள். மாற்றாவிட்டால் எதிரில் இருப்பவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்.

அறையில் எல்லோருக்கும் அவள் மூக்கக்கா. வேலை ஆரம்பித்த புதிதில், ஒரு துண்டை எடுத்து மூக்கருகில் கொண்டுபோய், "இது புதினா, இது ஏலக்காய், இது ஸ்ட்ராபெரின்னு பேரு, ஆனா இருமல் மருந்து" என்று அடித்துச் சொல்வாள். பஞ்சைச் சுற்றியிருக்கும் வண்ண வளையத்தைப் பார்த்தால் அப்படியே இருக்கும். அந்த மூக்கை மூடியதும் அவளேதான். ஈரத்தில் ஊறிய துண்டுகளின் நாற்றத்தில் கூட வேலை செய்யும் தாடிக்காரன் ஒருநாள் வாந்தியெடுத்துவிட்டான். அன்று முதல் அறைக்குள் யாரும் முகமூடி இல்லாமல் நுழையக்கூடாது என்று அவள் சட்டம் போட்டாள். வளையத்தைப் பார்த்தாலே வகை தெரியும்போது மோந்து பார்ப்பானேன் என்று ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மாவும் சரி என்றாள்.

இவ்வளவு பாடும் நகரசபை போட்ட ஒரு தடைக்காக. வாசனை சிகரெட் எதுவும் இனி இந்த ஊரில் விற்கக்கூடாது. இளசுகள் இனிப்பு வாசனைக்கு மயங்கித்தான் முதல் சிகரெட்டைத் தொடுகிறார்கள், புதினாவின் குளிர்ச்சியில் நெஞ்சு எரிவதே தெரியாமல் போய்விடுகிறது என்று டாக்டரம்மா வருஷக்கணக்கில் தொண்டை கிழியப் பேசி வாங்கிய தடை அது. ஆனால் சபைக்காரர்கள் ஒரு வருஷத்துக்குத்தான் சம்மதித்தார்கள். பலன் இருக்கிறது என்று காட்டினால் தொடரும், இல்லாவிட்டால் எடுத்துவிடுவோம் என்றார்கள். பலன் இருக்கிறதா என்று மனிதர்களைக் கேட்டால் பொய் சொல்வார்கள், குப்பை பொய் சொல்லாது என்பது டாக்டரம்மாவின் கட்சி. அதனால் கல்லூரி வாசல், சந்தை, பஸ் டிப்போ என்று குப்பைத்தொட்டிகளிலிருந்து துண்டுகள் மூட்டை மூட்டையாக வந்தன. தடை செய்த வகைக்கு ஒரு தட்டு, சாதா வகைக்கு ஒரு தட்டு. மாதங்கள் போகப் போக முதல் தட்டு காலியாகிக்கொண்டே வந்தது. நாளைக்குச் சபை கூடுகிறது.

நாளைக்கு மேடையில் மூக்கக்காவின் வீட்டுக்காரரும் பேசப் போகிறார். அவளுக்குக் காலையிலிருந்து கை கால் நிலைகொள்ளாமல் இருப்பதற்கு அதுதான் காரணம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே புதினா சிகரெட். போன வருஷம் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, உதடு நீலம் பாரித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். நெஞ்சு டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "பாதி நுரையீரல் போயிடுச்சு. மிச்சம் வேணும்னா விட்டுடுங்க. இல்லன்னா ஆக்சிஜன் சிலிண்டரோடதான் குடித்தனம்" என்றார். அவர் இரண்டு தடவை விட்டார். இரண்டு தடவையும் சிகரெட் திரும்பி வந்தது. மூன்றாவதாகத்தான் தடை வந்தது. "புதினா இல்லாத சிகரெட்டும் பஸ்ஸோட புகைக்குழாயும் ஒண்ணுதான். எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மனிதர் அடியோடு விட்டுவிட்டார்.

மூக்கக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்குச் சொன்னாள், அக்கா சொந்தபந்தம் முழுக்கச் சொன்னாள். அறையில் சொன்னாள், அவருக்கு "விட்டவர்" என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. அவர் அவளை அழைத்துப்போக வந்தால் தாடிக்காரன் எழுந்து நின்று, "விட்டவர் வந்துட்டார், வழி விடுங்க" என்பான். அவரும் சிரிப்பார். மேடையில் பேசச் சொல்லி டாக்டரம்மா கேட்டபோது, அவர் வாயைத் திறப்பதற்குள் மூக்கக்காவே சரி சொல்லிவிட்டாள்.

நாளைக்கு அவர் போட வேண்டிய சட்டையை இன்று காலை இரண்டு தடவை இஸ்திரி போட்டாள். அப்போது குளியலறையில் குழாய் திறந்திருந்தது. தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் இருமல் கேட்டது. இருமுகிறவர் குழாயை எதற்குத் திறந்துவைக்க வேண்டும்? அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு வேலைக்கு வந்தாள். அது அவளுக்கு முன்னால் வந்து அறையில் உட்கார்ந்திருந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. நெஞ்சு டாக்டரிடம் மறுபடி காட்டுவதை அவர் தள்ளிக்கொண்டே வந்தார். "விட்டாச்சே, அப்புறம் எதுக்கு டாக்டர்" என்பார். அதில் நியாயம் இருப்பதாக அவளுக்கும் பட்டிருந்தது.

"அக்கா, டிப்போ மூட்டை. கடைசி மூட்டை. இதோட நமக்கு விடுதலை" என்று தாடிக்காரன் கொட்டினான்.

அவள் இடுக்கியால் கிளறினாள். சாதா, சாதா, சாதா. வளையத்தைப் பார்ப்பதும் தள்ளுவதுமாகக் கை தன்பாட்டுக்கு ஓடியது. அப்புறம் நின்றது.

பாதியாக மடித்த துண்டு ஒன்று கிடந்தது. இரண்டு முனையும் சேர்த்து நசுக்கி, மடிப்பின் மேல் பல் வைத்து அழுத்தியிருந்தது. ஒருகாலத்தில் அவருடைய பஸ்ஸில் யாரோ அணைக்காமல் போட்ட துண்டால் குப்பைக்கூடை தீப்பற்றி, சீட்டு வரைக்கும் எரிந்திருக்கிறது. அதிலிருந்து அவர் துண்டைச் செருப்பில் தேய்த்து, இரண்டாக மடித்து, மடிப்பைக் கடித்து, நெருப்பு செத்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் போடுவார். வீட்டில் சன்னலுக்கு வெளியே அப்படி மடித்த துண்டுகளை அவள் வருஷக்கணக்கில் பெருக்கியிருக்கிறாள். இந்த அறைக்கு வந்த மூட்டைகளில் அப்படி ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. டிப்போ மூட்டைகள் இதுவரை தாடிக்காரன் பங்குக்குத்தான் போய்க்கொண்டிருந்தன.

கிளறினாள். இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

வளையத்தைப் பார்த்தாள். சாதா வகை. புகைக்குழாய் என்று அவர் சொன்ன அதே வகை. அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. கை தானாக முகமூடியைக் கீழே இழுத்தது. துண்டை மூக்கருகில் கொண்டுபோனாள்.

புதினா.

"அக்கா, சட்டம் போட்டவங்களே மீறலாமா" என்றான் தாடிக்காரன்.

அவள் சாதாத் தட்டிலிருந்து மடிக்காத துண்டு ஒன்றை எடுத்து மோந்தாள். புதினா. அடுத்தது வெறும் புகையிலை. அடுத்தது புதினா. வளையம் எல்லாவற்றிலும் சாதா. இத்தனை மாதமாக மூக்கை மூடிக்கொண்டு வளையத்தை நம்பியிருக்கிறார்கள். முகமூடிச் சட்டம் அவள் போட்டது. ஊர் மெச்சிய மூக்கு. அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் பொங்கியது. மடித்த துண்டுகளில் ஒன்றைக் காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வெளியே நடந்தாள்.

டிப்போ இரண்டு தெரு தள்ளி. நடையில் நிதானம் இல்லை. சிவப்பு விளக்கில் கடந்ததற்கு ஒரு லாரிக்காரன் திட்டினான். வீட்டில் எப்படித் தெரியாமல் போயிற்று என்று யோசித்துக்கொண்டே போனாள். அதற்கும் விடை அவளிடமே இருந்தது. நாள் முழுக்கத் துண்டுகளோடு கிடந்து, முடியிலும் சேலையிலும் புகையிலை நாற்றத்தோடு வீட்டுக்குப் போகிறவள் அவள்தான். "குடிக்கிறதை விட்டவன் நான், நாத்தம் உன்கிட்ட" என்று அவர் கிண்டல் செய்வார். அவளும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். அவர் வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய் இருக்கும். ஆசை வந்தால் அடக்குவதற்கு என்று அவளே வாங்கிக்கொடுத்தது.

அவர் காலிப் பேருந்தின் கடைசி சீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அவள் காகிதத்தைப் பிரித்து டிபன் பாக்ஸ் மூடியில் துண்டை வைத்ததும் அந்த மலர்ச்சி போய்விட்டது.

"இது யாருது?"

"குப்பையெல்லாம் கையோட கொண்டுவருவியா இப்ப."

"யாருதுங்க?"

அவர் சாப்பாட்டை மூடி வைத்தார். கையைத் துடைத்தார். சட்டைப்பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து அவள் மடியில் போட்டார். சாதா சிகரெட். அதற்குள் விரலகலத்துக்கு மெல்லிய அட்டை ஒன்று சொருகியிருந்தது. பாக்கெட்டைத் திறந்ததும் பேருந்துக்குள் புதினா மணந்தது.

"காருக்கு வாசனைன்னு சொல்லி விக்கிறான். உள்ள சொருகி வெச்சா ஒரு டீ குடிக்கிற நேரத்துல எல்லா சிகரெட்டும் புதினா ஆயிடும். வாசனை சிகரெட்டுக்குத்தான தடை, அட்டைக்கு இல்லையே. டிப்போவுல பாதிப் பேர் இதான்."

"எப்ப இருந்து?"

"தடை வந்தப்ப நிஜமாவே விட்டேன். அத நம்பு. கொஞ்ச நாள் நல்லாத்தான் இருந்தேன். அப்புறம் இந்த அட்டை வந்துச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன்கிட்டயா? உங்க அக்கா போன் பண்ணி, உன் புருஷன் சிங்கம்னு சொன்னப்ப நீ அழுத. அந்த அழுகைய எப்படித் திருப்பி வாங்குறது?"

அவளுக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. "அப்ப தப்பு என்மேலயா?"

"அப்படிச் சொன்னேனா?"

"அப்படித்தான் சொல்றீங்க. நுரையீரல் உங்களுது. சிலிண்டரோட படுக்கப் போறது நீங்க. பக்கத்துல உக்காந்து அந்தச் சத்தத்தக் கேக்கப் போறது நான். அத நெனச்சீங்களா?"

நேரக்காப்பாளர் விசில் ஊதினார். அவர் எழுந்து போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். ஆட்கள் ஏற ஆரம்பித்தார்கள். இறங்க மனமில்லாமல் அவள் முன்சீட்டுக்கு வந்தாள். வண்டி நகர்ந்தது. கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் அவர் தோள் மூச்சுக்காக ஏறி இறங்கியது. இவ்வளவு நாள் அவள் அவருடைய முகத்தைத்தான் பார்த்திருக்கிறாள், தோளைப் பார்க்கவில்லை.

பல நிறுத்தங்கள் கழிந்து வண்டி நின்றபோது அவர் திரும்பாமலே கேட்டார். "நாளைக்கு என்ன பண்ணலாம்?"

"நீங்க சொல்லுங்க."

"ஏறிப் பேசிடறேன். டாக்டரம்மா எவ்வளவோ பாடுபட்டிருக்காங்க. நீ வாயத் திறக்காத வரைக்கும் யாருக்கும் தெரியாது. பேசி முடிச்சதும் விட்டுடறேன்."

அது நடக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் இறங்கிவிட்டாள். எங்கே இறங்கினோம் என்று பார்த்தபோது அலுவலகத்தைத் தாண்டி வெகுதூரம் வந்திருந்தாள்.

திரும்பி நடந்த வழியெல்லாம் மனசு ஊசலாடியது. துண்டை மறைத்தால் அவர் மானம் பிழைக்கும், தடையும் பிழைக்கும், டாக்டரம்மாவின் பாடு வீண்போகாது. மேடையில் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலுக்குப் பிறகு அவர் எந்த டாக்டரிடமும் போகவே முடியாது. குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு இருமியே தீர்ந்துபோவார். இது புரிந்ததும் அவள் கால்கள் வேகம் பிடித்தன.

அறையில் டாக்டரம்மா வந்து உட்கார்ந்திருந்தாள். மறுநாள் பேச்சை முணுமுணுத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கக்கா நேராகப் போய் மேசைமேல் இருந்த முகமூடிப் பெட்டியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"எல்லாரும் மூக்கத் திறங்க. மறுபடி முதல்ல இருந்து" என்றாள்.

அட்டை விஷயத்தைச் சொன்னதும் டாக்டரம்மா முகம் வெளுத்தது. நாளைக்குச் சபையில் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கொஞ்ச நேரம் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளும் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தட்டருகே வந்து நின்றாள். இருந்த மூட்டைகளையெல்லாம் அவிழ்த்தார்கள். தாடிக்காரன் நடுவில் இரண்டு தடவை வெளியே ஓடிப் போய்விட்டு, கண்ணில் தண்ணீரோடு திரும்பி வந்தான். சாயங்காலம் வரை மோந்தார்கள்.

கல்லூரி வாசல் மூட்டை முன்பெல்லாம் தூக்க முடியாமல் வரும். இப்போது சுருங்கிப் போயிருந்தது. அதில் புதினாவும் அவ்வளவாக இல்லை. அங்கே தடை வேலை செய்திருந்தது, அதில் சந்தேகமில்லை. சந்தையும் டிப்போவும்தான் காலை வாரின. சாதா என்று தள்ளியதில் பாதிக்குப் பாதி புதினா மணத்தது. ரொம்ப நாள் குடித்தவர்கள் தடைக்கும் அட்டைக்கும் நடுவில் ஒரு சந்து கண்டுபிடித்திருந்தார்கள்.

"நாளைக்குக் கிழிச்சுத் தொங்கப் போட்டுடுவாங்க மேடம்" என்றான் தாடிக்காரன்.

"போடட்டும். இளசுங்க விட்டது உண்மை, அதச் சொல்றேன். அட்டையும் உண்மை, அதையும் சொல்லி, அதுக்கும் தடை கேக்கறேன். நானா சொன்னாத்தான் நம்புவாங்க." டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே திரும்பினாள். "உங்க வீட்டுக்காரர் வர்றார்ல? அவராவது நமக்கு ஆறுதல்."

மூக்கக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவர் விடலைங்க டாக்டரம்மா."

வெட்கம் காது வரைக்கும் சுட்டது. சொல்லி முடித்ததும் மூச்சு மட்டும் ஒழுங்காக வந்தது, அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நாளைக்கு மேடைக்கு வேண்டாம்" என்றாள் டாக்டரம்மா கடைசியில். "மேல் மாடியில செவ்வாய்க்கிழமை சிகரெட்ட விடறவங்க கூடுறாங்க. அங்க அனுப்புங்க. அங்க முதல் தடவையா விடறவங்க குறைச்சல்."

தாடிக்காரன் அன்று "விட்டவர்" என்ற பேச்சையே எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்து, அக்கம்பக்கம் பார்க்கும்படியாக, ஒளிவுமறைவில்லாமல் சிகரெட் குடித்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அறையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டதைச் சொன்னாள். அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"செவ்வாய்க்கிழமை மேல் மாடியில ஒரு கூட்டமாம். அதுக்கு முன்னாடி நாளைக்கே நெஞ்சு டாக்டர்கிட்ட போறோம்" என்றாள். "எத்தனை தடவை விட்டீங்கன்னு கேப்பாங்க. மூணுன்னு சொல்லுங்க."

"நாலு" என்றார்.

"மூணுதானே?"

"நடுவுல ஒண்ணு உனக்குத் தெரியாது." புகையை அந்தப் பக்கம் ஊதினார். "அட்டையோட குடிக்க ஆரம்பிச்சு கொஞ்ச நாள்ல எனக்கே அசிங்கமாயிடுச்சு. நீ நம்பிட்டே இருந்த. சரி, நெஜமாவே விட்டுட்டா பொய் பொய்யா இருக்காதுன்னு நெனச்சேன். ஒரு வாரம் தொடல. அந்த வாரம் ஞாபகம் இருக்கா? காத்தாடி சத்தம் போடுதுன்னு நடுக்கூடத்துல நின்னு கத்தினேனே."

அவளுக்கு ஞாபகம் இருந்தது. மின்விசிறியைத் திட்டினார், செருப்பை எட்டி உதைத்தார், விடிய விடியக் கூடத்தில் நடந்தார். கதவை அறைந்த அறையில் சுவரிலிருந்த படம் கோணிப்போனது. டியூட்டியில் ஏதோ தகராறு என்று அவள் நினைத்தாள். "பேய் கீய் புடிச்சிருக்கா உங்களுக்கு" என்று கேட்டுவிட்டு, தலையணையை எடுத்துக்கொண்டு, வெளியூரில் படிக்கிற மகளின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினாள். நிம்மதியாகவே தூங்கினாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"ஏற்கெனவே விட்டவன், மறுபடி விடறேன்னு எப்படிம்மா சொல்றது?"

அவள் அழுதாள். மறைக்கவில்லை. அவர் சிகரெட்டைப் படியில் தேய்த்து, இரண்டாக மடித்து, மடிப்பைப் பல்லால் அழுத்தினார். எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளங்கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். பாக்கெட்டையும் அட்டையோடு வாங்கிக்கொண்டாள்.

"இன்னைக்கு ராத்திரி தூங்க மாட்டேன்" என்றார். "கத்துவேன். கதவ அறைவேன்."

"அறைங்க" என்றாள். "நானும் முழிச்சிட்டுத்தான் இருப்பேன்."